மாமனோட பழைய கிட்டார், பிரிட்ஜ் எந்திரிச்சுக்கிச்சு. சரி பண்ணலாமா, விட்டுடலாமா?

களத்துமேட்டுக்காரி (காங்கயம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது, முன்னாடியே சொல்லிடறேன். என்ற பையன் ஏழாவது படிக்கிறான். வீடியோ பார்த்துட்டு ஆறு மாசமா கிட்டார் வேணும்னு ஒரே நச்சரிப்பு. போன மாசம் அம்மாயி வீட்டு அட்டாலியை ஒழிச்சப்போ என்ற சின்ன மாமனோட கிட்டார் கெடைச்சுது.

மாமா 80-கள்ல திருப்பூர்ல ஒரு லைட் மியூசிக் குழுவுல வாசிச்சவரு. மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டிட்டாப் போதும், பதினஞ்சு நாளைக்கு ஆளு வீட்டுப் பக்கமே தலை காட்டமாட்டான்னு அம்மாயி இன்னைக்கும் சொல்லும். அப்புறம் கல்யாணம், பவர்லூமு, அது இதுன்னு கிட்டார் அட்டாலிக்குப் போயிருச்சு. அட்டாலிக்கு மேல தகரக் கூரை. முப்பது வருசத்துக்குக் கொறையாம அங்கயே கெடந்துருக்கு.

இப்ப இருக்கிற நெலைமை: துணி உறையை எலி தின்னுருச்சு. உள்ள ஒட்டியிருந்த லேபிள்ல கல்கத்தாங்கிற எழுத்து மட்டும் மிச்சம். கம்பி கட்டுற அந்தக் கருப்புக் கட்டை (பிரிட்ஜ்தானுங்களே?) பின்பக்கம் எந்திரிச்சு நிக்குது, ஒரு போஸ்ட் கார்டு உள்ள போகுது. அதுக்குப் பின்னாடி மேல்பலகை தொப்பை மாதிரி உப்பியிருக்கு. பிரிட்ஜ்ல இருந்து கீழ் விளிம்பு வரைக்கும் நேர்கோட்டுல ஒரு விரிசல், ஒரு சாண் நீளம். கழுத்து ஓரமாக் கையைத் தடவினா குறுக்கால வரிசையாப் பதிச்சிருக்கிற ஃப்ரெட் கம்பி முனையெல்லாம் ரம்பம் மாதிரி குத்துது. ட்யூன் பண்ற சாவி ஆறுல ஒண்ணுக்குக் குமிழ் இல்லை, மத்ததெல்லாம் இறுகிக் கெடக்கு.

குலுக்கினா உள்ள ஏதோ உருளுது. டார்ச் அடிச்சுப் பார்த்தா ஒரு கோலிக் குண்டு, ஒரு 25 பைசா, அதோட கைப்பிடி அளவுக்கு ஒரு கொளவிக் கூடு. மண்ணுக் கூடு, காஞ்சு கல்லாட்டம் இருக்கு.

கம்பியை அமுத்தவே முடியலீங்க. 12-வது கோட்டுல ரெண்டு தீக்குச்சியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நுழைச்சேன், அப்பவும் எடம் மிச்சம். பையன் ரெண்டு நிமிசம் அமுத்திட்டு விரலைச் சப்பிக்கிட்டே போயிட்டான்.

எங்க வீட்டு ஆசாரி எப்பாக்ஸி வெச்சு ரெண்டு ஸ்க்ரூ முடுக்கிட்டா ஜென்மத்துக்கும் எந்திரிக்காதுங்கிறாரு. கோயமுத்தூர்ல ஒரு கடையில கேட்டேன், உறையைக்கூடத் திறந்து பார்க்காம இதெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்கன்னுட்டாங்க. யாரு சொல்றதைக் கேக்கறதுங்க? எங்க களத்துல தேங்கா ஒணத்துற வேலை ஓடிட்டு இருக்கு, பொழுதோடதான் பதில் பார்ப்பேன்.

---

ஆறுகம்பி (திருப்பூர்)

அக்கா, கடைக்காரர் சொன்னதுதான் என்னோட கருத்தும். கத்துக்கற பையனுக்கு 5,000, 6,000-க்கே இப்ப நல்ல கிட்டார் வருது. அதுல கம்பி உசரம் சரியா இருக்கும், விரல் வலிக்காது. இந்தப் பழசுக்குக் கூலி, பசை, கம்பின்னு போட்டா அந்தக் காசு இதுலயே போயிரும். கடைசியில ஷோகேஸ் பொருளாத்தான் நிக்கும். மாமா ஞாபகமா சுவத்துல மாட்டி வைங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

---

பழைய பேட்டர்ன்காரன் (கணபதி, கோவை)

அம்மிணி, இதைப் படிக்கிறதை நிறுத்திட்டு மொதல்ல போய் ஆறு கம்பியையும் தளர்த்தி விட்டுட்டு வாங்க. ஒரே கம்பியை முழுசா அவுக்காதீங்க, ஒவ்வொண்ணா ரெண்டு ரெண்டு சுத்து. நான் இங்கதான் இருக்கேன்.

ஆச்சுங்களா? இனி பேசலாம்.

நான் 34 வருசம் பேட்டர்ன் கடையில இருந்தவன். பவுண்டரியில பம்பு கேசிங், மோட்டார் பாடி ஊத்தறதுக்கு முன்னாடி அதே உருவத்தை மரத்துல செஞ்சு குடுக்கிற வேலை. ஊத்துன இரும்பு ஆறினா மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் சுருங்கும். அதுக்கு ஈடு கட்டி அந்தளவு பெருசா மரத்தை இழைக்கணும். அந்தக் கணக்கு உள்ளயே அடிச்ச தனி ஸ்கேல் எங்க கையில இருக்கும், அதுல ஒரு அடிங்கிறது நெசத்துல ஒரு அடியைவிடக் கொஞ்சம் எச்சு. சுருங்கறதைக் கண்டு பயந்தே சோறு தின்னவன் நான். கிட்டார் ரிப்பேர் பொறவு வந்த கிறுக்கு.

உங்க கிட்டாருக்கு வந்த நோவு ரெண்டு. ஒண்ணு இழுவை, இன்னொண்ணு காய்ச்சல்.

ஸ்டீல் கம்பியில 12 செட்டுன்னு சொல்ற தடிமன் (அதுல மெல்லிசுக் கம்பி அங்குலத்துல ஆயிரத்துல 12 பங்கு) போட்டுச் சுருதிக்கு ஏத்தினா ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுக்கும். ஒண்ணரை சிமெண்ட் மூட்டைன்னு வெச்சுக்குங்க. அதைத் தாங்குற மேல்பலகை எத்தனை தடிமன்? மூணு மில்லிமீட்டர்கூட இருக்காது. உள்ள ஒட்டியிருக்கிற சட்டங்கதான் அதுக்கு முதுகெலும்பு. மாமா வாசிச்சு முடிச்ச அன்னைக்கு யாரும் கம்பியைத் தளர்த்தலை. ஒண்ணரை மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டே அது முப்பது வருசம் அட்டாலியில நின்னுருக்கு. பிரிட்ஜ் எந்திரிச்சது அதிசயமில்லை, கழுத்து முறியாம நிக்குதே, அதுதான் அதிசயம்.

காய்ச்சலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, களத்துல தெனம் பார்க்கிறீங்க. பச்சைத் தேங்காயை ஒடைச்சுப் போட்டா பருப்பு தொட்டியோட ஒட்டிக்கிட்டு இருக்கும். நாலஞ்சு வெயில் பட்டதும் சுருங்கிக் கழண்டு தானா வருமில்ல? தொட்டி அப்படியேதான் இருக்கும், பருப்புதான் சுருங்கும். உங்க கிட்டார் கழுத்துலயும் அதேதான். பலகை அகலவாட்டுல சுருங்கிருச்சு, ஃப்ரெட் கம்பி உலோகம், அது சுருங்கலை. அதான் முனை வெளிய நீட்டிக்கிட்டுக் குத்துது. மேல்பலகைக்குச் சுருங்க எடமில்லை, சுத்தியும் ஒட்டிப் பிடிச்சிருக்கு, அதனால பொளந்துக்கிச்சு. கிட்டாருக்குக் காத்துல ஈரம் 45-ல இருந்து 55 சதவீதம் இருந்தா சௌக்கியம். நம்ம மழை மறைவுச் சீமையில, மாசி பங்குனியில, தகரத்துக்குக் கீழ? சொல்லவே வேண்டாம்.

இப்ப ஆசாரி விசயம். அவரு நல்ல ஆசாரியாத்தான் இருப்பாரு, கட்டிலுக்கும் கதவுக்கும் அவரு சொல்றது சரி. கிட்டாருக்கு ஆகாது. எப்பாக்ஸி மரத்தோட துவாரத்துக்குள்ள போய் உக்காந்துக்கும், பொறவு எடுக்க முடியாது. நான் அந்தப் பாவத்தைப் பண்ணுனவன். 1996-ல ஒரு கூட்டாளியோட கிட்டாருக்கு பவுண்டரியில இருந்த எப்பாக்ஸியை வெச்சு, ஸ்க்ரூவும் முடுக்கி, பெருமையாக் குடுத்தேன். நாலு வருசம் நின்னுச்சு. அப்புறம் எந்திரிச்சப்போ பிரிட்ஜ் மட்டும் வரலை, கீழ இருந்த மேல்பலகையும் உள்ளங்கை அளவுக்குப் பிச்சுக்கிட்டு வந்துச்சு. பசை விடலை, மரம் விட்டுருச்சு. அதுக்குப் பொறவு, திருப்பிக் கழட்ட முடியாத எந்த வேலையையும் கிட்டார்ல நான் பண்றதில்லை.

தம்பி ஆறுகம்பி சொல்ற மாதிரி பையனுக்குப் புதுசு வாங்குறதுல தப்பில்லை. வாங்கிக் குடுங்க, ஒரு பக்கம் அதுல கத்துக்கட்டும். ஆனா இதைத் தூக்கிப் போடணுமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.

கம்பி கட்டுற எடத்துல முடிச்சுப் போடுற ஓட்டையா, குத்தி வைக்கிற சின்ன ஆணியா? முடிச்சுன்னா அது நைலான் கம்பிக்குச் செஞ்ச கிட்டாரு, 40 கிலோ பக்கம்தான் தாங்கும். நம்மூர்ல நெறையப் பேரு அதுல ஸ்டீல் கம்பி போட்டுக் கொன்னுருக்காங்க. அடுத்தது கழுத்து. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி கட்டிங் டேபிள்ல இருக்குமே, ஒண்ணரை அடி ஸ்டீல் ஸ்கேல், அது ஒண்ணு வாங்கிட்டு வந்து கம்பியை ஒதுக்கிட்டு ஃப்ரெட் மேல நீளவாட்டுல நிறுத்துங்க. ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஸ்கேலுக்கு அடியில விசிட்டிங் கார்டு எத்தனை நுழையுதுன்னு பாருங்க. ஒண்ணு நுழைஞ்சா சந்தோசம். நாலு நுழைஞ்சா எங்கிட்ட மறுபடி பேசுங்க.

பவுடர் டப்பா கண்ணாடி ஒண்ணை ஓட்டைக்குள்ள விட்டு, செல்போன் லைட்டை அடிச்சு, மேல்பலகையோட அடிப்பக்கம் பாருங்க. குறுக்குச் சட்டம் ஒவ்வொண்ணும் பலகையோட ஒட்டியிருக்கா? வெளிய இருந்து விரல் முட்டியால தட்டிக்கிட்டே வாங்க. விட்டுப் போன சட்டம் இருக்கிற எடத்துல சத்தம் ஓட்டைப் பானையாட்டம் கிர்ருனு வரும்.

கடைசியா டேப் வெச்சு மேல் முனை வெள்ளைக் கட்டையில இருந்து 12-வது ஃப்ரெட் வரைக்கும் ஒரு அளவு, 12-ல இருந்து பிரிட்ஜ் மேல இருக்கிற வெள்ளைப் பட்டை வரைக்கும் ஒரு அளவு எடுங்க. ரெண்டாவது ரெண்டு மூணு மில்லிமீட்டர் எச்சா இருந்தாப் பிரிட்ஜ் சரியான எடத்துல இருக்கு. எக்குத்தப்பா இருந்தா முன்னாடியே யாரோ கை வெச்சிருக்காங்க.

கொளவிக் கூட்டை இப்பத் தொடாதீங்க. நனைச்சுச் சொரண்டலாம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

---

களத்துமேட்டுக்காரி

ஐயா, நெம்ப நன்றிங்க. கம்பியைத் தளர்த்துனப்போ உள்ள இருந்து பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு, நெசமாலுமே பயந்துட்டேன்.

பார்த்துட்டேனுங்க. குத்தி வைக்கிற ஆணிதான், ஆறுல நாலு இருக்கு. விசிட்டிங் கார்டு ஒண்ணு இறுக்கமாப் போச்சு, ரெண்டாவது போகலை. அளவு 325, 327.5. கழுத்துக்குள்ள முடுக்கறதுக்கு ஏதோ கம்பி இருக்கும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க, மேல்முனையிலயும் ஓட்டைக்குள்ளயும் தேடினேன், சாவி போடுற எடமே இல்லை.

கண்ணாடி வெச்சுப் பார்த்ததுல சட்டம் எல்லாம் ஏணிப்படி மாதிரி குறுக்காலதான் இருக்கு. பிரிட்ஜுக்குக் கீழ இருக்கிற சட்டம் ஒரு முனையில விட்டிருக்கு, மயிரிழை வெளிச்சம் தெரியுது. இன்னொரு முனை கொளவிக் கூட்டுக்குள்ள பொதைஞ்சிருக்கு, ஒண்ணும் தெரியலை.

பிரிட்ஜ்ல இன்னொரு கேடும் இருக்குங்க. ஆணி ஓட்டைங்களை வரிசையாச் சேர்த்து ஒரு கீறல். நகத்தை விட்டா மாட்டுது.

---

கொயர் கிட்டார் (ஈரோடு)

சகோதரி, நான் சர்ச்சுல 20 வருஷமா வாசிக்கிறேன், எங்க கொயர்ல இருக்கிற மூணு கிட்டாரும் இப்படி மீட்டதுதான். கழுத்து நேரா இருக்கு, பிரிட்ஜ் இடம் மாறலை. அப்போ இது பிழைக்கும். மத்ததெல்லாம் கைவேலை.

முடுக்குக் கம்பி இல்லாத கழுத்துன்னா இனிமே 12 செட் வேண்டவே வேண்டாம். 10 செட் போடுங்க, இழுவை 60 கிலோ பக்கம் வந்துடும். சத்தம் கொஞ்சம் மெலிசாத்தான் வரும். பையன் விரலுக்கும் அதுதான் நல்லது.

பெரியவர் அடுத்து வச்சிரம் (மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பழங்காலப் பசை) காய்ச்சச் சொல்லுவார்னு நினைக்கிறேன். முன்கூட்டியே சொல்லிடறேன், முதல் தடவை பண்றவங்களுக்கு அது வேண்டாம். வச்சிரம் அடுப்புல இருந்து இறக்கின ஒரு நிமிஷத்துல இழுத்துக்கும். பிரிட்ஜை வெச்சு, நேர் பார்த்து, கிளாம்ப் மாட்டறதுக்குள்ள கையில பாகு மாதிரி ஆயிடும். மரவேலைக்கு வர்ற மஞ்சள் பசை போதும், சூடு காட்டினா அதுவும் கழண்டுக்கும். வெள்ளைப் பசை மட்டும் வேண்டாம். தொடர்ந்து இழுவை இருந்தா, அதுவும் வெயில்ல நிக்கிற காருக்குள்ள வெச்சுட்டீங்கன்னா, மெதுவா நகர ஆரம்பிச்சுடும்.

அப்புறம் ஒண்ணு. துடைக்கிறேன்னு சானிடைசரோ ஸ்பிரிட்டோ தொடாதீங்க. பழைய பாலிஷ் அவலரக்கா (ஷெல்லாக்) இருந்தா பிசுபிசுன்னு கரைஞ்சு துணியோட வந்துடும். எங்க கொயர்ல கொரோனா சமயத்துல ஒரு பக்தர் அப்படித்தான் ஒரு கிட்டாரைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தார்.

---

பழைய பேட்டர்ன்காரன்

ஈரோட்டுத் தம்பி என்ற வாயைக் கட்டிட்டாரு. வச்சிரம்னு எழுத ஆரம்பிச்சு அழிச்சேன், நெசம். ராத்திரி ஊறப் போட்டு, தண்ணிச் சட்டிக்குள்ள சட்டி வெச்சு, கொதிக்க விடாம 60, 65 டிகிரியிலயே வெச்சுக் காய்ச்சுனா அதுக்கு ஈடு எதுவுமில்லை. ஆனா அந்த நாத்தத்துல பழகுன கைக்குத்தான் அது. மஞ்சள் பசையே போடுங்க.

பிரிட்ஜ் பொளந்துருச்சுன்னா ஒட்டிப் பிரயோசனமில்லை, புதுசுதான். எங்கிட்ட ஒரு பழைய ஈட்டிக் கட்டில் கால் கெடக்கு, அதுல இழைச்சுத் தர்றேன். காசு வேண்டாம், பஸ்ல பழசைக் குடுத்து விடுங்க, ஆணியோட ஓட்டை தூரத்தை அதுல இருந்து எடுத்துக்கறேன். ஈட்டி மரத்தைச் சொந்தக் காட்டுல நின்னாலும் நெனைச்சபடி வெட்டக் கூடாதுன்னு 1994-ல தமிழ்நாட்டுல அதுக்குன்னே சட்டம் போட்டாங்க. அதனால நான் பழைய கட்டில், பழைய பீரோன்னுதான் தேடுறது. வேடிக்கை என்னன்னா, அமெரிக்காவுல மார்ட்டின்னு பெரிய கிட்டார் கம்பெனி, பிரேசில் மரம் கெடைக்காமப் போயி 1969-ல நம்ம நாட்டு ஈட்டிக்கு மாறினாங்க. நம்ம மலையில வெளையற மரம் அங்க கிட்டாராச்சு, இங்க கட்டில் காலாச்சு.

வேலைக்கு வரிசை முக்கியம். ஒட்டறதுக்கு முன்னாடி ஈரம். காஞ்ச மரத்துல விரிசலை ஒட்டினா ஐப்பசி மழையில பலகை ஊதும்போது பக்கத்துல இன்னொண்ணு பொளக்கும். சோப்பு டப்பாவுல பத்துப் பன்னெண்டு ஓட்டை போட்டு, ஸ்பாஞ்சை நனைச்சு நல்லாப் பிழிஞ்சு உள்ள வெச்சு, அந்த டப்பாவைக் கிட்டாருக்குள்ள விட்டு, மொத்தத்தையும் பெரிய பிளாஸ்டிக் உறையில கட்டிடுங்க. தண்ணி சொட்டக் கூடாது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா நனைங்க. ஒரு வாரம், பத்து நாள் ஆகும். விரிசல் தானா மூடிக்கிட்டு வர்றது கண்ணுக்கே தெரியும். ஃப்ரெட் முனை குத்துறதுகூடப் பாதி கொறைஞ்சிரும், அதுக்கு முன்னாடி அரம் எடுக்காதீங்க.

அப்புறம் பழைய பிரிட்ஜைக் கழட்டறது. அதைச் சுத்தி மேல்பலகை மேல சமையல் ஃபாயிலை ரெண்டு மடிப்பாப் போட்டு மறைச்சுட்டு, பிரிட்ஜ் மேல மட்டும் இஸ்திரிப் பெட்டியை வைங்க. அஞ்சு நிமிசம் கழிச்சு எந்திரிச்ச பக்கத்துல இருந்து மெலிசா ஒரு தகடு விடுங்க. தேஞ்சு போன தோசைக் கரண்டியோட நுனியைத் தேய்ச்சு வெச்சிருக்கேன் நான், அதைவிட நல்ல ஆயுதம் கெடையாது. நெம்பாதீங்க. போகலைன்னா மறுபடி சூடு, அவ்வளவுதான். நார் கிழியற சத்தம் கேட்டா நிறுத்திட்டு அக்கட்ட இருந்து வாங்க.

விரிசலுக்கு அடியில, உள்பக்கம், ரெண்டு மில்லிமீட்டர் கனத்துல சதுர சதுரமா மெல்லிசு மரத்துண்டு ஒட்டணும். துண்டோட நார் விரிசலுக்குக் குறுக்க ஓடணும், அதை ஆசாரிகிட்ட ரெண்டு தடவை சொல்லுங்க. விட்டுப் போன சட்டத்துக்குப் பசையை ஊசி போடற சிரிஞ்சுல ஏத்துங்க.

பிரிட்ஜ் ஒட்டறப்போ அடியில ரெண்டு பக்கமும் பாலிஷ் இல்லாத வெறும் மரம் தெரியணும். பாலிஷ் மேல ஒட்டினா அது ஒட்டே இல்லை. கிளாம்பை ஓட்டை வழியா விடற மாதிரி கழுத்து நீளமான சி-கிளாம்ப் வேணும், மூணு. உள்பக்கம் கட்டை வெச்சு இறுக்கி ஒரு நாள் முழுசா விட்டுருங்க. கம்பி போட இன்னும் ரெண்டு நாள் பொறுங்க.

உசரம் கொறைக்கறதுக்குக் கணக்கு சுலபம். 12-வது ஃப்ரெட்ல 1 மில்லிமீட்டர் கொறையணும்னா வெள்ளைப் பட்டையில 2 மில்லிமீட்டர் தேய்க்கணும். அடியிலதான் தேய்க்கணும், மேல தொடாதீங்க. கண்ணாடி மேல உப்புத்தாளை விரிச்சு, பட்டையை நெட்டுக்குத்தாப் பிடிச்சு இழுங்க. தேய்ச்சது தேய்ச்சதுதான், திரும்ப வளராது, அதனால அரை அரை மில்லிமீட்டரா. தடிக்கம்பி பக்கம் 2.5, மெல்லிசுக் கம்பி பக்கம் 2 வந்தாப் பையனுக்குப் போதும்.

சாவிக்குத் தையல் மிஷின் எண்ணெய், பல்லுக்கு ஒரு சொட்டு. குமிழ் போனதுக்கு லேத் பட்டறையில பித்தளையில ஒண்ணு கடையச் சொல்லலாம். நம்மூர்ல இதுக்கா பஞ்சம்?

---

களத்துமேட்டுக்காரி

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணுமுங்க. நடுவுல அம்மாயிக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சு, இப்பத் தேவலை.

சோப்பு டப்பா வேலை பதினோரு நாள் ஆச்சு. விரிசல் மூடிக்கிச்சுங்க! பையன் தெனமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து செல்போன்ல படம் எடுத்து வெச்சான். மொத நாள் படத்துல ரூபாய்த் தாள் நுழையற அளவு இருந்துச்சு, கடைசிப் படத்துல பென்சில் கோடு.

ஆசாரி மொதல்ல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு, என்ற வேலையில ஊருக்கெல்லாம் சந்தேகமான்னு. உங்க எப்பாக்ஸிக் கதையைப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசலை. அடுத்த நாள் அவரே எங்கயோ கேட்டு ரெண்டு சி-கிளாம்ப் கொண்டாந்துட்டாரு. மூணாவது எங்க களத்துக்குப் பக்கத்து ரைஸ் மில்லுல.

இஸ்திரிப் பெட்டி வெச்சு மூணாவது சூட்டுல பிரிட்ஜ் கையோட வந்துச்சு. அடியில பார்த்தா நீங்க சொன்னதேதான். நடுவுல ரெண்டு விரல் அகலம்தான் வெறும் மரம், சுத்தியும் பாலிஷ் மேலயே ஒட்டி அனுப்பியிருக்காங்க. ஆசாரி அதைப் பார்த்துட்டுத்தான் சமாதானமானாரு. "இதைச் செஞ்சவன் என்னைவிட மோசம்" அப்படின்னாரு.

கொளவிக் கூடுதான் கூத்து. காஞ்சபடியே பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால கொஞ்சங் கொஞ்சமாத் தட்டி எடுத்தோம். எடுத்து முடிச்சதும் அந்தச் சட்டம் பொத்துனு கீழ தொங்கிருச்சு! அந்த முனையில பசையே இல்லீங்க. இத்தனை வருசம் கொளவி மண்ணுதான் அதைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு. ஈரத்துல நனைச்சிருந்தா என்னாயிருக்கும்னு இப்பப் புரியுது.

உங்க ஈட்டிப் பிரிட்ஜ் அளவு மாறாம உக்காந்துச்சு. தொப்பை முழுசாப் போகலை, கொஞ்சம் இருக்கு. 10 செட் கம்பி. தடிப்பக்கம் 2.8, மெல்லிசுப் பக்கம் 2.2. பட்டையில இன்னும் தேய்க்க எடமிருக்கு, நான்தான் பயந்து நிறுத்திட்டேன்.

மொத்தச் செலவு ஆசாரி கூலியோட 1,900 ரூபாய். ஆறுகம்பித் தம்பி, புதுசும் வாங்கலை, இதையே வெச்சு மூணு சுரம் பிடிக்கிறான்.

போன ஞாயித்துக்கெழமை மாமா வந்தாரு. அவரு கையில குடுத்தேன். வாசிக்கலை. கவுத்துப் பிடிச்சுக் குலுக்கினாரு. "எங்க கோலிக் குண்டு?"ன்னு கேட்டாரு. எடுத்துட்டோம் மாமான்னேன். "அதைப் போட்டதே நீதான், மூணு வயசுல. உண்டியல்னு நெனைச்சு காசும் போட்ட. மேடையில மெதுவாப் பாட்டு வர்றப்ப மட்டும் கடகடங்கும், நான் ஒரு பக்கமாச் சாஞ்சே நின்னு வாசிப்பேன். ஸ்டைலுன்னு நெனைச்சாங்க"ன்னாரு. அப்புறம் ரெண்டாவது கம்பியைத் தட்டிப் பார்த்துட்டு எறங்கியிருக்குன்னாரு. ட்யூனர்ல பார்த்தோம். இறங்கித்தான் இருந்துச்சு.

ஒரே ஒரு கொறைங்க. நாலாவது கம்பியை ரெண்டாவது ஃப்ரெட்ல அமுத்தினா மட்டும் ஜிர்ருனு அதிருது. மத்த எல்லா எடமும் சுத்தம். இதுக்கு என்ன பண்றதுங்ய்யா?

---

பழைய பேட்டர்ன்காரன்

மூணாவது ஃப்ரெட் உசந்திருக்கு, அவ்வளவுதான். நேரான சின்னப் பட்டை ஒண்ணு, உளி முதுகுகூடப் போதும், ரெண்டு, மூணு, நாலுன்னு மூணு ஃப்ரெட்டும் சேர்ற மாதிரி நாலாவது கம்பிக்கு அடியில வைங்க. ஊஞ்சலாட்டம் ஆடுச்சுன்னா நடுவுல இருக்கிறதுதான் திருடன்.

அரம் போடாதீங்க. ஈரம் ஏத்துனப்போ பலகை ஊதி அந்த ஃப்ரெட் கம்பி அது உக்கார்ற காடியை விட்டு எந்திரிச்சிருக்கும். மேல ஒரு சின்ன மரக்கட்டையை வெச்சு, கழுத்துக்கு அடியில மடிச்ச துண்டு குடுத்து, மெதுவா ரெண்டு தட்டு. உக்காந்துரும். உக்காந்து மறுபடி எந்திரிச்சா முனையில ஒரு துளி சூப்பர் க்ளூ, அதுவும் தீக்குச்சி நுனியில தொட்டு.

2.8-ஐ 2.5 ஆக்குறதை இது முடிஞ்ச பொறவு பாருங்க, மொதல்லயே எறக்குனா எங்க அதிருதுன்னே கண்டுபிடிக்க முடியாது. ஸ்பாஞ்ச் டப்பாவை மாசியில மறுபடி உள்ள வைங்க.

கட்டில் கால்ல இன்னும் முக்கால் அடி மிச்சமிருக்கு. வேற யாருக்காவது பிரிட்ஜ் வேணும்னா சொல்லுங்க.